ஆள் இங்கே, மனம் எங்கேயோ: சொல்லால் காயப்பட்டவர்கள் திரும்பி வருவதற்கு ஒரு வழிகாட்டி

சோறு வடித்துக்கொண்டு நின்றேன். கொதிக்கும் கஞ்சி காலில் ஊற்றுப்பட்டதை நான் உணரவேயில்லை. பக்கத்து வளவு அக்கா ஓடிவந்து, "என்ன பிள்ளை, கால் வேகுது, பார்த்துக்கொண்டு நிக்கிறாய்!" என்று கத்தின பிறகுதான் அது என்னுடைய கால் என்பதே எனக்கு விளங்கியது. அன்று யாரும் என்னை அடிக்கவில்லை. காலையில் போனில் ஐந்து நிமிடம் பேச்சு வாங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடியேற்றத்திட்டத்தில் இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பல வருடம் கிளினிக் கொப்பியோடு போய்வந்தவள், இப்போது மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவள். தனக்கு ஏதோ நடக்கிறது, ஆனால் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று இருக்கும் ஒருவர் எங்கிருந்து தொடங்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் சனம் இதைப் பல விதமாகச் சொல்லும். "விறைச்சுப் போனன்." "பிரமை பிடிச்ச மாதிரி." "நான் நானில்லாத மாதிரி." "கண்ணாடிக்கு அங்கால நிண்டு பார்க்கிற மாதிரி." மருத்துவத்தில் இதற்கு விலகல் என்று பெயர். மனம் தாங்கமுடியாத ஒன்றிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. சிலருக்குத் தன் கையே வேறு யாருடையதோ போலத் தெரியும். சிலருக்குச் சுற்றியிருப்பது எல்லாம் படம் பார்ப்பதுபோல, சத்தம் தூரத்தில் கேட்பதுபோல இருக்கும். சிலருக்கு நேரமே காணாமல் போகும்: பத்து மணிக்கு அடுப்படியில் நின்றது ஞாபகம், அடுத்ததாகப் பன்னிரண்டு மணிக்குக் கிணற்றடியில் நிற்பது ஞாபகம், நடுவில் ஒன்றுமில்லை.

சிறிய அளவில் இது எல்லோருக்கும் வரும். பரந்தனில் பஸ் ஏறி ஏதோ யோசனையில் இருந்து, மாங்குளம் தாண்டியதே தெரியாமல் போவது வருத்தம் அல்ல. நீங்கள் விரும்பாமலே அடிக்கடி வந்தால், வேலையையோ பிள்ளையையோ பார்க்க ஏலாமல் செய்தால், நெருப்போடும் வாகனத்தோடும் நிற்கும்போது வந்தால் அப்போதுதான் கவனிக்க வேண்டும்.

ஏன் வருகிறது? நாய் கவ்விய கோழிக்குஞ்சு அசையாமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். செத்துவிட்டதென்று நினைப்போம், நாய் விட்டதும் எழும்பி ஓடும். திருப்பி அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது என்ற நிலையில் உடம்பு தானாகச் செய்யும் வேலை அது. மனிதருக்கும் அந்த வழி இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வீட்டில் வருடக்கணக்காக ஏச்சுக் கேட்பவருக்கு உடம்பு போக இடமில்லை, மனம் மட்டும் போய்விடுகிறது. அன்றைக்கு அது உங்களைக் காப்பாற்றியது. ஆபத்து முடிந்த பிறகும், அல்லது சின்னச் சின்ன விசயத்துக்கும், அதே கதவு தானாகச் சாத்திக்கொள்வதுதான் இப்போதைய தொல்லை. இது பைத்தியம் இல்லை, பேய் இல்லை, நடிப்பும் இல்லை.

வன்னியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்லவேண்டும். 2009இல் பங்கருக்குள் குந்தியிருந்தபோதே எங்களில் பலர் இந்த வித்தையைப் பழகிவிட்டோம். போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். அப்படிக் காயப்பட்ட வீட்டுக்குள்தான் இந்த ஏச்சும் நடக்கிறது. ஆனால் ஊர் கேட்பது என்ன? "செல்லடிக்கே தப்பினவள், இந்த வாய்ப்பேச்சுக்கா விறைக்கிறாய்?" எனக்கு இதைச் சொன்னவர்கள் என்மேல் அன்புள்ளவர்கள்தான். ஆனாலும் அது பிழை. செல் குண்டு என் பெயர் தெரிந்து வரவில்லை. இந்தச் சொல் என் பெயர் தெரிந்து, எங்கே விழுந்தால் எனக்கு நோகும் என்று தெரிந்து, என் பக்கத்திலேயே இருந்து சோறும் சாப்பிட்டுவிட்டு வருகிறது. செல் விழாத நாளும் இருந்தது.

கை வைக்காத கொடுமையும் கொடுமைதான். நாள்தோறும் இழிவாகப் பேசுவது, சீதனத்தைச் சொல்லிக் காட்டுவது, நாள்கணக்கில் பேசாமல் இருந்து தண்டிப்பது, பிள்ளைகளுக்கு முன்னால் குறைசொல்வது, "நான் அப்படிச் சொல்லவேயில்லை, உனக்குத்தான் மூளை பிசகு" என்று உங்கள் ஞாபகத்தையே பொய்யாக்குவது. வெளிநாட்டில் இருந்துகொண்டு வீடியோ கோலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்பவர்களும் உண்டு. செய்வது கணவனாக மட்டும் இருக்கத் தேவையில்லை. மாமியார், தகப்பன், அண்ணன், வேலை கொடுப்பவர் யாராகவும் இருக்கலாம். இதைத் தாங்குகிற ஆண்களும் இருக்கிறார்கள், அவர்கள் இன்னும் குறைவாகவே வாய் திறக்கிறார்கள்.

பத்திரம் முந்தி, பயிற்சி பிந்தி

கீழே சொல்லும் பயிற்சிகள் நீங்கள் உங்களிடம் திரும்பி வருவதற்கு. இன்னும் கொஞ்சம் ஏச்சுத் தாங்குவதற்கு அல்ல. இதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். ஒரு காலத்தில் பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்து, அடுத்த ஏச்சுக்கு என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தேன்.

ஏசுகிற ஆளோடு இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், ஏச்சு விழுந்துகொண்டிருக்கும்போதே மனதைப் பிடித்து இழுத்துவர முயலாதீர்கள். அப்போது அது விலகிப்போவது உங்களைக் காக்கத்தான். முடிந்தால் அந்த இடத்தைவிட்டு எழும்புங்கள். ஆடு கட்ட, தண்ணி அள்ள, எந்தச் சாட்டும் போதும். திரும்பி வருவதைப் பிறகு தனியாகச் செய்யலாம்.

நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பையைக் கொடுத்து வையுங்கள். அடையாள அட்டையின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணிப் பெர்மிற்றின் பிரதி, கிளினிக் கொப்பி, கொஞ்சக் காசு. நாளைக்கே வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. போக ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே உடம்பின் இறுக்கம் கொஞ்சம் தளரும்.

நெருப்பு, கிணறு, வாகனம் மூன்றிலும் கவனம் வேண்டும். மனம் விலகும் நாட்களில் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள், பஸ்ஸில் போங்கள். கட்டில்லாத கிணறு என்றால் தண்ணி அள்ள யாரையாவது கூப்பிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்க்கிறதென்றால் வயலுக்கு அடிக்கும் மருந்து உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. இன்றைக்கே அயலில் ஒருவரிடம் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள், காரணத்தையும் அவரிடம் சொல்லுங்கள். அன்றிரவு தனியாக இருக்காதீர்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். அம்புலன்ஸுக்கு 1990.

வருவதற்கு முன் வரும் அறிகுறி

விலகல் திடீரென்று வருவதுபோலத்தான் தெரியும். கவனித்துப் பார்த்தால் முன்னால் ஏதோ ஒன்று வருகிறது. எனக்கு முதலில் காது அடைக்கும், பிறகு விரல் நுனி விறைக்கும். இன்னொரு பெண்ணுக்குக் கண் ஓர் இடத்தில் குத்திட்டு நிற்கும். சிலருக்குக் கொட்டாவி, சிலருக்கு உடம்பு பஞ்சுபோல ஆகும். எது கிளப்புகிறது என்பதையும் பாருங்கள்: போன் அடிக்கும் சத்தம், படலை திறக்கும் சத்தம், ஒரு குறிப்பிட்ட சவர்க்கார வாசம், யாரோ குரலை உயர்த்துவது. நான் ஒரு முறை கடையில் இரண்டு பேர் சில்லறைக்குச் சண்டைபிடித்ததைக் கேட்டு விறைத்துப்போய் நின்றேன். எனக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. குரலின் ஏற்றம் மட்டும் போதுமாக இருந்தது.

அறிகுறி தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியமாதிரி. முழுதாகப் போன பிறகு திரும்பி வருவதைவிட, போகத் தொடங்கும்போது பிடிப்பது மிக இலகு.

திரும்பி வரும் வழி

இணையத்தில் தேடினால் ஐந்து பொருளைப் பார், நான்கைத் தொடு, மூன்று சத்தம் கேள், இரண்டு வாசம் மண, ஒரு ருசி பார் என்ற முறை எங்கும் கிடைக்கும். நல்ல முறைதான். ஆனால் மனம் தூரத்தில் நிற்கும்போது எண்ணவே வராது, இடையில் கணக்குத் தவறும், தவறியதும் "இதையும் செய்யத் தெரியவில்லை" என்ற பழைய ஏச்சுக் காதுக்குள் கேட்கும். ஆகவே நான் காலில் இருந்து தொடங்கச் சொல்வேன்.

செருப்பைக் கழற்றுங்கள். மண்ணில் நில்லுங்கள். எங்கள் மண் வெயில் நேரத்தில் சுடும், விடியற்காலையில் குளிரும், மழைக்குப் பிறகு விரலிடுக்கில் ஒட்டும். குதிக்காலை அழுத்துங்கள், பிறகு விரல்களை. ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றுங்கள். இதுவே இரண்டு நிமிடம் போதும்.

பிறகு கண். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். மனதை அமைதிப்படுத்த கண்ணை மூடு என்று எல்லோரும் சொல்வார்கள். விலகல் உள்ள பலருக்குக் கண்ணை மூடினால் இன்னும் தூரம் போகும். கோயிலில் கும்பிடும்போதும் அப்படித்தான்: கண்ணை மூடாமல் விளக்கின் சுடரைப் பார்த்துக் கும்பிடுங்கள், அம்மன் ஒன்றும் நினைக்கமாட்டாள். கழுத்தை மெதுவாகத் திருப்பி, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலி. பனை. நீல வாளி. கொடியில் காயும் பள்ளிக்கூடச் சட்டை.

அடுத்தது கைக்கு வேலை. இதில் எனக்கு மிகவும் கைகொடுத்தது கச்சான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும்போது வாங்கிய ஒரு பை. கோதை அழுத்தினால் உடையும் சத்தம் கேட்கும், விரலுக்கு அதன் சொரசொரப்புத் தெரியும், உள்தோல் வழுகும், பிறகு வாசம், பிறகு ருசி. ஐந்து புலனும் ஒரு கச்சானில் இருக்கிறது, எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு என் கைப்பையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். தேசி இலையைக் கசக்கி மணப்பது, சித்தாலேப பாம் கொஞ்சம் மணிக்கட்டில் பூசி மணப்பது, இஞ்சிப் பிளேன்டீ குடிப்பது, உரலில் எதையாவது இடிப்பது எல்லாம் வேலை செய்யும்.

குளிர்ந்த தண்ணியை முகத்தில் அடிப்பது வேகமாக இழுத்துவரும். இருதய வருத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் போரின் கடைசி நாட்களில் நந்திக்கடல் தண்ணிக்குள் இறங்கி வந்தவர்களுக்குத் தண்ணியே பழைய இடத்துக்குக் கொண்டுபோய் விடலாம். உங்களைக் காயப்படுத்தியவரோடு சேர்ந்த வாசமும் அப்படித்தான். எது உங்களுக்குச் சரிவராதோ அதை விடுங்கள்.

கடைசியாக நாள், இடம், வயது. சத்தமாகச் சொல்லவேண்டும். "இன்று செவ்வாய்க்கிழமை. நான் அம்மாவின் வீட்டுத் திண்ணையில் இருக்கிறேன். எனக்கு 41 வயது. அந்த வீட்டில் நான் இப்போது இல்லை." இன்னும் அந்த வீட்டிலேயே இருப்பவர் "நான் பத்திரமாக இருக்கிறேன்" என்று சொல்லக்கூடாது. உடம்புக்குப் பொய் தெரியும். "இந்த நேரம் அவர் இங்கே இல்லை, பின்னேரம்தான் வருவார்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் மனம் நன்றாக இருக்கும் நேரத்தில் தினமும் ஒரு முறை செய்து பழகுங்கள். குளத்தில் விழுந்த பிறகு நீச்சல் பழக முடியாது.

ஒரு கொப்பி

பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி போதும். திகதி, நேரம், முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் போனது, எது திரும்பிக் கொண்டுவந்தது. நான்கு வரி. "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்று கேட்டுக் கேட்டுத் தன் ஞாபகத்தில் நம்பிக்கை இழந்தவருக்கு, தன் கையெழுத்தில் இருக்கும் நான்கு வரி எவ்வளவு பெரிய விசயம் என்று சொல்லித் தெரியாது. மருத்துவருக்கும் உதவும், நீதிமன்றம் போனால் அங்கும் உதவலாம். வீட்டில் வைக்கப் பயம் என்றால் சகோதரியிடம் வையுங்கள். போனில் எழுதுவதைவிடக் கொப்பி நல்லது, போனை யார் பார்க்கிறார்கள் என்று சொல்லமுடியாது.

காணாமல்போன நேரத்தை வலிந்து ஞாபகப்படுத்த முயலவேண்டாம். வருவது வரட்டும்.

சாப்பாடு, நித்திரை இரண்டும் தவறினால் விலகல் கூடும். சாராயமும் கஞ்சாவும் அதைக் கூட்டும். மற்றவரின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

உலுப்பாதீர்கள், கன்னத்தில் தட்டாதீர்கள், சுற்றி நின்று கூட்டம் போடாதீர்கள். முன்னால், சற்றுத் தள்ளி இருந்து, தணிந்த குரலில் பெயரைச் சொல்லுங்கள். "நான் பக்கத்து வீட்டு அக்கா. நீ உன்ரை வீட்டுக் குந்தில இருக்கிறாய். என்ரை குரல் கேக்குதே?" தொடுவதற்கு முன் கேளுங்கள். திரும்பி வந்ததும் "என்ன நடந்தது, என்ன நடந்தது" என்று குடையாமல் ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

நூல் கட்டுவதையோ விபூதி போடுவதையோ நான் குறைசொல்லமாட்டேன். அம்மம்மா பார்வை பார்த்தபோது அவரின் கை தலையில் இருந்ததே எனக்கு ஆறுதல். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனவர்கள் உருவந்து ஆடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஊர் கூடியிருக்கும் இடத்தில், தெய்வத்தின் பெயரில் வந்து, பொங்கலோடு இறங்கிவிடுவது. அதை நோய் என்று மருத்துவமும் சொல்வதில்லை. அடுப்படியில் தனியாக விறைத்துப்போய் நிற்பது வேறு. பேய் பிடித்ததென்று அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது எல்லாம் முதல் காயத்தின்மேல் அடுத்த காயம்.

வகுப்பில் யன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும் இது இருக்கலாம். கனவு காண்கிறான் என்று பிரம்பை எடுப்பதற்கு முன் வீட்டில் என்ன நடக்கிறதென்று ஆசிரியர் ஒருவர் கேட்டால் நல்லது. சிறுவர்களுக்கான இலக்கம் 1929.

கிளினிக்குக்குப் போவது

அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. கிளினிக் எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ இருந்து வந்து திரும்பிப்போவது பெரிய அலைச்சல். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் வழி சொல்வார்.

பலர் அங்கே போய் "தலையிடி, நித்திரை இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் மூன்று தரம் பனடோலோடு வந்தேன். கொப்பியைக் காட்டுங்கள். "எனக்கு இடைக்கிடை மனம் விலகிப்போகிறது, அந்த நேரம் நடந்தது தெரியவில்லை, வீட்டில் தொடர்ந்து மனம் நோகப் பேசுகிறார்கள்" என்று சொல்லுங்கள். கூட வந்தவர் முன்னால் கதைக்க ஏலாதென்றால் தனியாகக் கதைக்கவேண்டும் என்று கேட்கலாம். தலையில் அடிபட்டிருந்தால், உடம்புக்குள் இன்னும் குண்டுச் சன்னம் இருந்தால், விலகும்போது கை கால் இழுத்தால், நாக்குக் கடிபட்டால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். வலிப்பிலும் சில நேரம் இப்படி நினைவு தவறும், அதற்கு வேறு வைத்தியம்.

விலகலை நேராக மாற்றும் குளிசை என்று ஒன்று இல்லை. கூட வரும் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் நித்திரையின்மைக்கும் மருந்து தருவார்கள், அதை இடையில் நிறுத்தாதீர்கள். முக்கியமானது கதைத்துச் செய்யும் சிகிச்சை. நல்ல உளவளத்துணையாளர் முதல் நாளே எல்லாவற்றையும் கிண்டமாட்டார். முதலில் நிதானத்துக்கு வரப் பழக்குவார், பழைய கதை பிறகுதான். முதல் நாளே முழுவதையும் சொல்லென்று வற்புறுத்தினால் "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கொடுமை இன்னும் நடக்கிறதென்றால் வேறு கதவுகளும் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அரச வைத்தியசாலைகளில் சுகாதார அமைச்சின் 'நட்பு நிலையம்' இதற்கென்றே உள்ளது, உங்கள் வைத்தியசாலையில் எங்கே என்று கேளுங்கள். பெண்களுக்கான இலக்கம் 1938. எடுத்த இலக்கம் போனில் நிற்கும், ஆகவே முடிந்தால் வேறொருவரின் போனில் எடுங்கள். குடும்ப வன்முறையைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம், அடியை மட்டும் சொல்லவில்லை. தொடர்ந்து கொடூரமாக, இழிவுபடுத்தும் விதமாக நடத்தும் பாரதூரமான மனக்கொடுமையும் அதற்குள் வரும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 12 மாதம் வரைக்கும் கிடைக்கும். உங்கள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.

விறைப்பு விடும்போது

இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். மனம் திரும்பி வரத் தொடங்கும்போது முதலில் வருவது நிம்மதி இல்லை. கால் விறைத்து, இரத்தம் ஓடத்தொடங்கும்போது குத்துமே, அப்படி இருக்கும். எனக்கு ஒரு கிழமை முழுக்க அழுகை. பிறகு கோபம், பத்து வருடத்துக்கு முந்திய ஒரு சொல்லுக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. கஞ்சி ஊற்றிய தழும்பு அந்தக் கிழமைதான் எனக்கு நோகிறதுபோல இருந்தது. கூடிவிட்டதென்று பயந்து கிளினிக்கை நிறுத்தப் பார்த்தேன். நிறுத்தாதீர்கள், அடுத்த தவணையில் அதையே போய்ச் சொல்லுங்கள். அந்த நாட்களில் காணி எழுதிக்கொடுப்பது, கடன் எடுப்பது, திரும்ப அந்த வீட்டுக்குப் போவது போன்ற எந்த முடிவும் வேண்டாம். இரவில் வந்து கூடப் படுக்க யாராவது ஒருவரை இப்போதே கேட்டு வையுங்கள்.